கணிப்பொறிக்கும் புதுக்கணக்கு உண்டு



சின்ன காஞ்சிபுரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு வைகாசி கருட சேவை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பொழுது விடியும் முன்பே சன்னதி தெரு நிரம்பிவிடும். வெளியூர்க் கூட்டம் கற்பூரத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் வந்திறங்கிய விருந்தாளிகளுக்காக ரவையும் சர்க்கரையும் காப்பித்தூளும் கேட்டு நிற்பார்கள். அப்படியொரு விடியற்காலையில்தான் எங்கள் கடைக் கம்ப்யூட்டர், "புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்" என்று எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

மூன்று வாரமாக 'பிறகு', 'பிறகு' என்று நாங்களே தள்ளிப்போட்டு வந்த வேலை அது. அரை மணி நேரம் பொறுத்தோம். பிறகு ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கினோம். மறுபடி போட்டபோது கம்ப்யூட்டர் ஓடியது. பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. கணக்குக் கோப்பு பாதி எழுதிய நிலையில் சிதைந்து போயிருந்தது. பென் டிரைவில் எடுத்து வைத்த நகல் பதினோரு நாள் பழையது. தவறு எங்களுடையது, வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

ரொக்க வியாபாரம் போனது ஒரு நாள் நஷ்டம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். போன பதினோரு நாளில்தான் நெசவாளர் வீடுகளின் பற்றுக் கணக்கு இருந்தது. புடவை தறியிலிருந்து இறங்கிக் கூலி கைக்கு வந்தால் பாக்கி தீரும் என்பது நம் ஊர் வழக்கம். அதுவரை அரிசியும் எண்ணெயும் நம் கடையிலிருந்துதான் போகும். நாங்கள் வீடு வீடாகப் போய், என்ன வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். எங்களுக்கு நினைவில்லாத அரைக் கிலோ துவரம்பருப்பைக்கூட ஒரு அம்மா நினைவுபடுத்தினார். ஆனால் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணாச்சி, இனிமே எங்க வீட்டுக் கணக்கு எதுல இருக்கும்? உங்க மிஷின்லயா, எங்க வாயிலயா?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஏன் இப்போது எழுதுகிறோம்?

நம் தெருக்களில் உள்ள கடைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் என்னும் இயக்க மென்பொருளில் ஓடுபவை. அதில் விண்டோஸ் 10 பதிப்புக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தது. அதே 2025-இல் செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளிலிருந்த பெரும்பாலான சரக்குகள் 5, 18 அடுக்குகளுக்குப் போயின. நெய், சோப்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. அக்டோபர் 20 தீபாவளி. ஆக, நான்கே வாரத்துக்குள் வரி மாற்றம், விண்டோஸ் கெடு, பண்டிகை வியாபாரம் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த அவசரத்தில் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். அதன்பின் பிரிண்டர் பேசவில்லை, தராசு தெரியவில்லை, தமிழ் எழுத்து உடைந்தது என்று சங்கத்தில் வந்து சொல்லாதவர் குறைவு.

இரண்டு கட்சிகள்

நம் உறுப்பினர்களிடையே இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, "ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்? அப்டேட்டையே நிரந்தரமாக அடைத்து வையுங்கள்" என்கிறது. மற்றொரு கட்சி, "அது தானே பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்கிறது. இரண்டும் தவறு என்பது நம் கருத்து. இரண்டுக்கும் உலகம் பார்த்த சாட்சி உண்டு.

2017 மே 12-ஆம் தேதி 'வானாக்ரை' என்னும் வைரஸ் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது. சுமார் 150 நாடுகளில் தொல்லை கொடுத்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல் வந்துவிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். இது முதல் கட்சிக்குப் பதில்.

2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது நேர்மாறானது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் முன், 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்பு, சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது என்ற புகாரால் சில நாளில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியானது. முதல் நாளே ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அந்த அவதி. இது இரண்டாவது கட்சிக்குப் பதில்.

ஆகவே அப்டேட் வேண்டும். ஆனால் நாம் குறித்த நாளில், நாம் குறித்த முறையில் வேண்டும்.

புதுக்கணக்கு போடுவது போல

நாம் புதுக்கணக்கு எப்படித் தொடங்குகிறோம்? நல்ல நாள் பார்க்கிறோம். அதற்கு முன் பழைய பேரேட்டை முடித்து, பாக்கிகளைக் கூட்டிச் சரிபார்க்கிறோம். புது நோட்டில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டாலும், பழைய நோட்டை அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போடுவதில்லை. அப்டேட்டுக்கும் இதே ஒழுங்கு போதும்.

முதலாவது, நாள் குறித்தல். பண்டிகைக்கு முன்வாரம் வேண்டாம், ஜி.எஸ்.டி. விவரம் தாக்கல் செய்யும் 11, 13, 20, 22 தேதிகளை ஒட்டியும் வேண்டாம். விடுமுறை நாளில், கடை சாத்திய பிறகு, யூ.பி.எஸ். பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது போடுங்கள். மாதத் திருத்தங்களைச் சில வாரம் நிறுத்தி வைக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரு வாரம் நிறுத்தி, மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போடலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாகாது.

இரண்டாவது, நகல். கணக்குக் கோப்பின் நகல் ஒன்று பென் டிரைவில் இரும்புப் பெட்டிக்குள்; இன்னொன்று வீட்டில். நகல் எடுத்ததோடு முடியாது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து நேற்றைய பில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்த சில்லறை மூட்டை.

மூன்றாவது, திறவு எண். விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் வட்டு தானே பூட்டிக்கொள்ளும் பிட்லாக்கர் ஏற்பாடு இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த ஒரு திருத்தத்துக்குப் பின் சில கம்ப்யூட்டர்கள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டன. அந்த எண் இல்லையென்றால் கணக்கு உள்ளேயே கிடக்கும். எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாது. இன்றே அதைத் தாளில் எழுதிப் பெட்டிச் சாவியோடு வையுங்கள்.

நான்காவது, கையெழுத்து பில் புத்தகம். தனி வரிசை எண்ணோடு ஒரு புத்தகம் அச்சடித்துக் கல்லாவுக்கு அடியில் வையுங்கள். ஜி.எஸ்.டி. விதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை எண்களுக்கு இடம் உண்டு. எண் தொடர்ச்சியாகவும் 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும், அவ்வளவே. 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனையில் வாடிக்கையாளர் பில் கேட்காவிட்டால் அன்றைய மொத்தத்துக்கு ஒரே பில் போடவும் சட்டம் இடம் தருகிறது. கம்ப்யூட்டர் நின்றால் கடை நிற்க வேண்டியதில்லை. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள மொத்த வியாபாரிகள் மட்டும், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எண் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

போட்ட பிறகு கோளாறா? வரிசையாகப் பாருங்கள்

பதற்றத்தில் பத்து இடத்தைத் தட்டுவதுதான் பாதிக் கேடு. எந்த இடத்தில் கோளாறு என்பதை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது அதற்குச் சமமல்ல. வேகமாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் பழைய நிலையில் பாதியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் அணைகிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும். அடுத்து தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தேதி தவறினால் இணையம் மறுக்கும், பில்லின் தேதியும் தப்பாகும். அது அப்டேட்டின் குற்றமல்ல. உள்ளேயிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்ததன் குற்றம். அப்டேட்டுக்குப் பிறகு நடந்ததெல்லாம் அப்டேட்டால் நடந்ததாகாது.

பிரிண்டர் அச்சிடாவிட்டால், பில் எந்தப் பிரிண்டருக்குப் போகிறது என்று பாருங்கள். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே இயல்பான பிரிண்டராக வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று விண்டோஸில் இருக்கிறது. அது இயங்கினால், சிறு பில் போக வேண்டியது பெரிய தாள் பிரிண்டருக்குப் போய் நிற்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் டிரைவரை நீக்கிவிட்டு, பிரிண்டர் தயாரித்தவரின் டிரைவரையே போடுங்கள். உண்மையிலேயே அப்டேட்டின் பிழையாக இருப்பதும் உண்டு. 2021 மார்ச்சில் வந்த திருத்தத்தால் சில பிரிண்டர்களில் அச்சிட்டவுடன் நீலத்திரை வந்து விழுந்தது. ஒரு வாரத்துக்குள் மாற்றுத் திருத்தம் வந்தது. 2025 ஜனவரி இறுதியில் வந்த ஒன்றால் சில யூ.எஸ்.பி. பிரிண்டர்கள் சம்பந்தமில்லாத எழுத்துகளைத் தாள் தாளாகத் துப்பின. அதுவும் பிற்பாடு சரியாயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பொறுத்திருப்பதே வழி.

கடைக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை குடோன் கம்ப்யூட்டரில் திறக்க முடியாவிட்டால், காரணம் பெரும்பாலும் பாதுகாப்பு இறுக்கம்தான். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, புரோ வகைக் கம்ப்யூட்டர்களில், கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக நுழையும் பழைய வழியை அடைத்துவிட்டது. அதை மறுபடி திறந்துவிடச் சொல்லாதீர்கள். கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் குடோனுக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போட்டு, அதைக் குடோனில் ஒருமுறை கொடுத்தால் போதும்.

மின்னணுத் தராசின் எடை பில்லில் ஏறாவிட்டால், தராசைத் திட்டாதீர்கள். நடுவிலுள்ள கேபிளைப் பாருங்கள். பழைய சீரியல்-யூ.எஸ்.பி. கேபிள்கள் சிலவற்றில் உள்ள சில்லு, 2012-லேயே கைவிடப்பட்டது என்று சொல்லிப் புதிய டிரைவர் ஏற்க மறுக்கிறது. புது கேபிள் வாங்கினால் தீரும். இதைச் சாக்காக வைத்துத் தராசைத் திறக்க யாரையும் விடாதீர்கள். எடையளவு முத்திரை உடைந்தால் அது வேறு வம்பு.

சரக்குப் பெயர்கள் தமிழில் இல்லாமல் தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கணக்கு கெடவில்லை. பழைய முறைத் தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இப்போது இல்லை, அவ்வளவே. அதை மறுபடி போட்டால் எழுத்து வந்துவிடும். ஆனால் மென்பொருள்காரரிடம் சொல்லிப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகையால் அந்த மென்பொருள் அதில் நேராக ஓடாது. அப்படிப்பட்டவர்கள் பழைய கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டித்து, பழைய கணக்கைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு விவரத் தாக்கலுக்கான கெடுவிலிருந்து 72 மாதம் காப்பாற்றியாக வேண்டும். கம்ப்யூட்டர் மாற்றிவிட்டோம் என்பது அதிகாரியிடம் செல்லுபடியாகும் பதில் அல்ல.

ஒன்றும் சரிவரவில்லையென்றால், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிய பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பும் வழி அமைப்புகளில், 'ரெகவரி' பகுதியில் இருக்கிறது. பதினோராவது நாள் அது இருக்காது. ஆகவே மாறிய முதல் வாரத்திலேயே பில், பிரிண்டர், தராசு, குடோன், ஜி.எஸ்.டி. தாக்கல் ஐந்தையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

மாறவே முடியாத கம்ப்யூட்டர்களும் உண்டு. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலானவை தேறாது. சிலர் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள். அப்படி ஏற்றியதற்குத் தொடர்ந்து திருத்தம் வரும் என்று தயாரித்தவர் உறுதி கொடுப்பதில்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத கல்லாவை வாசலில் வைப்பதற்குச் சமம்.

இந்தக் குழப்பத்தில் புகுந்து பிழைப்பவர்களும் உண்டு. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் வந்தால் பேசாதீர்கள். எந்தப் பெரிய நிறுவனமும் அப்படித் தொலைபேசி எண் காட்டாது. தெரியாதவருக்குத் தூரத்திலிருந்து இயக்கும் அனுமதியைக் கொடுத்தால் வங்கிப் பணம் போய்விடும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

தனி வியாபாரி ஒவ்வொருவரும் தனியே தலையைப் பிய்த்துக்கொள்வதில் பொருளில்லை. மூன்று காரியங்களைச் சங்கம் எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, பெரிய அப்டேட் வரும்போது முதலில் சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் கழித்து உறுப்பினர்களுக்கு அறிவிக்க வேண்டும். நம் தெருவில் அதிகம் புழங்கும் பில்லிங் மென்பொருள், பிரிண்டர், தராசு ஆகியவற்றோடு சோதித்துப் பார்த்த முடிவை அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

இரண்டு, பில்லிங் மென்பொருள் விற்பவர்களிடம் எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். இயக்க மென்பொருள் மாறினால் உங்கள் சரக்கு ஓடுமா? ஓட வைக்க யார் செலவு? எங்கள் கணக்கை வேறு எங்கும் திறக்கக்கூடிய எக்செல் பட்டியலாக எடுத்துத் தருவீர்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். நாம் பத்து வருடம் உட்கார்ந்து எழுதிய கணக்கு நம்முடையது. அதன் சாவி இன்னொருவர் கையில் மட்டும் இருப்பதை நாம் ஒப்புக்கொள்ளலாகாது.

மூன்று, ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தை ஆண்டுதோறும் 'நகல் வாரம்' என்று அறிவிக்க வேண்டும். ஏட்டுக்கு மஞ்சள் தடவும் அதே கையால் ஒரு நகலையும் எடுத்து, திறந்து பார்த்து, பெட்டியில் வைப்போம்.

அந்தப் பெரியவருக்கு நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். அன்று மாலையே பற்று வைக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தோம். சரக்குப் போகும்போது கம்ப்யூட்டரில் ஏறுவது அந்த நோட்டிலும் ஏறும். கீழே எங்கள் கையெழுத்து இருக்கும். இரண்டு நிமிடம் கூடுதல் வேலைதான். ஆனால் இனி எங்கள் கம்ப்யூட்டர் எந்த நாளில் எப்படிப் படுத்துக்கொண்டாலும், ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் போய் நின்று, "நீங்கள் எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்கும் நிலை எங்களுக்கு வராது. உங்களுக்கும் வர வேண்டாம் என்பதே நம் விருப்பம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!